பழைய துறைத் தூண்களைச் சுற்றி: ராமநாதபுரம் கரையில் ஸ்நார்கலிங் செய்ய முழு வழிகாட்டி

இடுப்பளவு தண்ணீரில் ஒரு பழைய துறைத் தூண் நின்றால் போதும். அதன் மேல் பாதியில் கொட்டலசும் (தூணில் ஒட்டி வாழும் ஓட்டு உயிர்) சிப்பியும், கீழ்ப் பாதியில் கடற்பஞ்சும் பாசியும், அடிக்குழியில் ஒரு களவா மீனும் இருக்கும். இவற்றைப் பார்க்க முப்பது அடி ஆழம் போக வேண்டாம். முகத்தில் ஒரு கண்ணாடி, வாயில் ஒரு குழாய், இறங்கத் தோதான ஒரு நாள், இவ்வளவுதான் தேவை. இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம்.

ராமநாதபுரம் கரையில் ஆழம் ஆளை அடிப்பது குறைவு. அடிப்பது காற்று, நீரோட்டம், துருப்பிடித்த பழைய இரும்பு. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி வேலை கரையில் நின்றபடியே செய்யவேண்டியது. அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து மீன்களுக்குப் போய்விடாதீர்கள்.

எந்தக் கடல், எந்த மாதம்

இந்த மாவட்டத்துக்குக் கடல் இரண்டு. தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை, ராமேஸ்வரத்தின் வடகரை எல்லாம் பாக் விரிகுடா. மண்டபத்தின் தென்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் ராமேஸ்வரம் மீனவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, வடக்கே எப்போது போனாலும் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வாடைக் காற்று அடிக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை அலை முட்டுவது வடகரையில்தான். அப்போது தென்கரை ஒதுக்காக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது இது அப்படியே தலைகீழாகும்.

தென்கரையில் தண்ணீர் தெளிந்து, காற்றும் அடங்கியிருப்பது பொதுவாக ஜனவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. பாக் விரிகுடாவின் அடித்தளம் சேறும் நுண்மணலும் கலந்தது. அமைதியாக இருந்தாலும் கலங்கலாகத்தான் இருக்கும். அங்கே கை நீட்டும் தூரம் தெளிவாகத் தெரிந்தாலே நல்ல நாள்.

வரைபடம் பார்த்துத் திட்டமிடுகிறவர்களுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. கச்சான் காலத்தில் வடகரை ஏன் அமைதியாக இருக்கிறது? காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால். கரையோரம் அலை இருக்காது. ஆனால் அதே காற்று உங்கள் முதுகைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மீனைப் பார்த்தபடி மிதக்கிறவருக்கு அது தெரியாது. தலையைத் தூக்கினால் கரை தள்ளிப்போயிருக்கும். காற்றடைத்த மெத்தை, டியூப், பிள்ளைகளுக்கு வாங்கும் மிதவைப் பொம்மை எதையும் அந்த நாட்களில் தண்ணீரில் விடாதீர்கள்.

வாரத்துக்குள் எந்த நாள் நல்லது என்பதற்குத் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் அதிகம், ஓட்டமும் அதிகம். அஷ்டமி கழிந்து நவமி, தசமி வரும்போது இரண்டும் குறையும். கல்யாணத்துக்கும் கடை திறப்பதற்கும் ஆகாது என்று வீட்டில் ஒதுக்கும் நவமிகூட நமக்கு முகூர்த்தம்தான். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது. காற்று பலமாக அடித்தால் திதிக் கணக்கெல்லாம் எடுபடாது. அதனால் காலண்டரை இரண்டாவதாகப் பாருங்கள், காற்றை முதலில்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் எண் என்ன என்று விசாரிக்கவேண்டாம், பயணத்தை விட்டுவிடுங்கள். கோடையில் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே தொலைதூரக் கடலில் கிளம்பிய அலை தென்கரையை வந்து அறையும். இதைக் கள்ளக்கடல் என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தைய இரவு அதைப் பார்த்துவிடுங்கள்.

எங்கே இறங்கலாம், எங்கே கூடாது

பழைய துறை என்றதும் எல்லோருக்கும் தனுஷ்கோடிதான் நினைவுக்கு வரும். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடித் துறை வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கே இறங்கினால் கொழும்புக்கு மறுபடி ரயில் என்று போட் மெயில் பயணம் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரையும், துறையையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னாரில் பழைய துறைப் பாலம் துருவேறி இன்னும் நிற்கிறது. இந்தப் பக்கம் மிச்சம் என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பதை மணல்தான் தீர்மானிக்கிறது.

தனுஷ்கோடியில் ஸ்நார்கலிங் வேண்டாம். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கின்றன. மணல் திடீரென்று இறங்கும். ஓட்டம் ஒரே நாளில் திசை மாறும். குளிக்கவே தடை செய்து எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். சர்வதேசக் கடல் எல்லை பக்கத்தில் என்பதால் முகக்கண்ணாடியும் காலில் மாட்டும் ஃபின்ஸுமாக (நீச்சல் துடுப்பு) ஒருவர் தண்ணீரில் இறங்கினால் கடலோரக் காவல்படை கேள்வி கேட்பதும் நியாயம்தான். பாம்பன் கால்வாயில் பாலத் தூண்களுக்கு இடையே இறங்குவதும் அதே ரகம். வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும், கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்காகவும் ஒரு கடலின் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத்தான் இன்னொரு கடலுக்குப் போகிறது. பாலத்தின் மேல் நின்று சுழலைப் பாருங்கள், போதும்.

ஆனாலும் தனுஷ்கோடிக்கு ஒருமுறை போய்வாருங்கள். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவருக்குக் கிட்டே போனால், கட்டியிருப்பது செங்கல் இல்லை, பவளக்கல் என்பது தெரியும். ஒரு கல்லில் தேன்கூட்டு அறைகள், இன்னொன்றில் மூளை மடிப்பு போன்ற வரிகள், மற்றொன்றில் ஊசி குத்தியது போன்ற நுண்துளைகள். தண்ணீருக்கு அடியில் பாசி மூடிக் கிடப்பதை அடையாளம் காண இதைவிட நல்ல பாடம் கிடையாது. விரலால் தடவிக்கூடப் பார்க்கலாம், கடலுக்குள் அது கூடாது. சுவரிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்துவரும் ஆசை மட்டும் வேண்டாம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல் வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விளாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. இன்று உயிருள்ள பவளம், செத்த பவளம் எதைத் தொட்டு எடுத்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடல் அட்டை, கடல் குதிரை இரண்டுக்கும் அதே சட்டம்தான்.

தென்கரையில் இன்னொரு வேலி உண்டு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாக் கடலுமாக 560 சதுர கிலோமீட்டர். வனத்துறை அனுமதி இல்லாமல் இதற்குள் போகக்கூடாது. படகுக்காரர் யாராவது "நான் கூட்டிட்டுப் போறேன், யாரும் கேக்கமாட்டாங்க" என்றால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். குருசடைத் தீவுக்குக் குந்துகாலிலிருந்து வனத்துறையே படகு விடுகிறது.

அப்படியானால் இறங்குவது எங்கே? பழக ஓலைக்குடா, அரியமான், பிரப்பன்வலசை பக்கத்து மணல் கரைகள் நல்லவை. காரங்காட்டில் வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக் காட்டோடு கடலடிப் புல்லான கடல் தாழையையும் பார்க்கலாம். தூண்களைப் பொறுத்தவரை, பயன்பாட்டில் இல்லாத சின்ன இறங்குதுறை, படகு கட்டும் பழைய கட்டைகள், கரையை ஒட்டிச் சாய்ந்து கிடக்கும் கான்கிரீட் துண்டுகள் எனக் கரையோர ஊர்களில் விசாரித்தால் ஏதாவது அகப்படும். பெயர் சொல்லி ஓர் இடத்தைக் கைகாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. இந்த ஆண்டு மணலும் அனுமதியும் இருக்கிற நிலை அடுத்த ஆண்டு இருக்காது. தேர்வு செய்யும்போது பாருங்கள்: தேசியப் பூங்காவுக்கு வெளியே இருக்கவேண்டும், அதில் படகு எதுவும் கட்டக்கூடாது, கடைசித் தூண் வரை உங்கள் கழுத்துக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது, ஊர்க்காரர்களுக்கு ஆட்சேபம் இருக்கக்கூடாது. நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வேறு இடம் பார்ப்பேன். தேவிபட்டினம் நவபாஷாணத்தில் கடலுக்குள் கற்கள் நிற்கின்றன என்று கேள்விப்பட்டு அங்கே கண்ணாடியோடு போகாதீர்கள். அது வழிபாட்டுத் தலம்.

கரையில் அரை மணி நேரம்

போனதும் உடை மாற்றாதீர்கள். முதலில் ஆள் தேடுங்கள். வலை சீர் செய்துகொண்டிருப்பவரிடம் மூன்று கேள்வி: "அண்ணே, இன்னிக்குத் தண்ணி தெளிவா இருக்கா? ஓட்டம் எந்தப் பக்கம்? இங்கன வலை எதுவும் கெடக்கா?" மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதுதான் முக்கியம். தூண்களில் சிக்கி அறுந்த நரம்பு வலை (நைலான் இழை வலை) தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. விசைப்படகு போகும் நாளா, நாட்டுப்படகு போகும் நாளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகள் அப்போதும் போய்வரும்.

பிறகு தூண்களைப் பாருங்கள். ஓட்டம் இருந்தால் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பக்கம் தண்ணீர் லேசாக ஏறி நிற்கும், மறுபக்கம் வால் மாதிரி ஒரு சுழிக்கோடு நீளும். அந்த வால் எந்தத் திசையில் இருக்கிறதோ அதுதான் ஓட்டத்தின் திசை. வேகத்தை அளக்க ஒரு தேங்காய் மட்டைத் துண்டு போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். அது தண்ணீரோடு போகாமல் காற்றோடு போகும். கரையில் 10 மீட்டரை அடி வைத்து அளந்து, மட்டை அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 40 விநாடிக்கு மேல் ஆனால் இறங்கலாம். 20க்கும் 40க்கும் நடுவில் என்றால் ஃபின்ஸ் போட்டு நன்றாகப் பழகியவர்கள் மட்டும். 20க்குக் கீழே வந்தால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அது நொடிக்கு அரை மீட்டர். அதை எதிர்த்து அதிக நேரம் யாரும் நீந்த முடியாது.

தெளிவுக்கு என் கணக்கு எளிது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று குனிந்தால் கால்விரல் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் திறந்த மணலில் மிதக்கலாம், தூண் பக்கம் போகக்கூடாது. அங்கே உங்களுக்கு முன்னால் துருத்தி நிற்பது இரும்புக் கம்பி.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடலில் நிற்கும் இரும்புத் தூண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. அலை தெறித்து நனைந்து காய்ந்து மறுபடி நனையும் பட்டையில்தான், அதாவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அரிப்பு மிக வேகம். பழைய தூண்கள் இடுப்பு மெலிந்து நிற்பது அதனால்தான். அடி உறுதியாகத் தெரியும், மேலே உத்தரமும் இருக்கும், நடுவில் தகடு காகிதமாகியிருக்கும். கான்கிரீட் என்றால் உள்ளே இருக்கும் கம்பி துருவேறி உப்பி, மேல்பூச்சைப் பாளம் பாளமாக உதறும். மரக்கட்டைகளைக் கப்பல் புழு உள்ளிருந்தே தின்றிருக்கும். எனவே மேலே தளமோ உத்தரமோ மிச்சமிருக்கும் பகுதிக்கு அடியில் நீந்தாதீர்கள், தூணைப் பிடித்து இளைப்பாறாதீர்கள், ஏறி நின்று குதிக்காதீர்கள்.

உடுப்பும் கருவியும்

முகக்கண்ணாடி மூக்கையும் மூடுவதாக இருக்கவேண்டும். நீச்சல்குளக் கண்ணாடி ஆகாது. கீழே போனதும் அழுத்தம் ஏறிக் கண்ணைப் பிடித்து இழுக்கும், மூக்கு வழியாகக் காற்று விட்டுச் சரிசெய்ய அதில் வழியில்லை. முகம் முழுவதும் மூடும் புதுவகை ஸ்நார்கல் கண்ணாடியையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மூக்கைப் பிடிக்க முடியாது, உள்ளே தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்றவும் சிரமம். வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கை எடுத்தபின்னும் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குச் சரி. மீசைக்காரர்களுக்கு மூக்கின் கீழே ஒழுகும். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கத்தரித்துவிட்டால் தீரும். மனசு வராதவர்கள் துளி வாசலின் தடவலாம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள், வார் வழுக்கும். பவர் உள்ளவர்களுக்குப் பவர் லென்ஸ் பொருத்திய கண்ணாடி கிடைக்கிறது.

ஃபின்ஸ் குட்டையாக இருக்கட்டும். நீளமானதைப் போட்டுக்கொண்டு தூண்களுக்கு நடுவில் திரும்ப முடியாது, அடிமணலையும் கிளப்பிவிடும். காலுக்கு அழுத்தமான அடியுள்ள ஷூ கட்டாயம். கொட்டலசு ஓடு பிளேடு மாதிரி வெட்டும். மேலுக்கு முழுக்கை டி-ஷர்ட்டும் ஒட்டிய பேன்ட்டும். வெயில், சொறி மீன் (ஜெல்லி மீன்), சிராய்ப்பு மூன்றுக்கும் அதுவே மருந்து, சன்ஸ்கிரீன் பூசிக் கடலில் கரைக்கவும் வேண்டாம். சேலை, துப்பட்டா, தொளதொள சுடிதார், ஜீன்ஸ் எல்லாம் கம்பியில் மாட்டும். பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் இதே கடலில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறார்கள். அது அவர்களுடைய பிழைப்பு, பல ஆண்டுப் பழக்கம். நம்மிடம் அந்தக் கையும் இல்லை, அந்தக் கண்ணும் இல்லை.

கையுறை வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். கையுறை போட்ட கை எதையாவது பிடிக்கும், வெறுங்கை தானாகவே தள்ளி நிற்கும். சின்னதாக ஒரு கத்தி, நுனி மழுங்கியதாக, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வலை நரம்பு சிக்கினால் அறுக்க. ஆரஞ்சு நிற மிதவை ஒன்று கட்டாயம், படகுக்காரர்களுக்கு உங்கள் தலை தேங்காய் அளவுதான் தெரியும். மிதவைக் கயிற்றை இடுப்பில் கட்டாதீர்கள். தூணைச் சுற்றிக்கொண்டால் உங்களையும் கட்டிவிடும். கையில் பிடித்துக்கொள்ளுங்கள், வேண்டும்போது விட்டுவிடலாம். வலைப்பை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். இந்தக் கரையில் கண்ணாடியும் வலைப்பையுமாக ஒருவர் நின்றால், கடல் அட்டை எடுக்க வந்தவர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

முதலில் வெறும் மணலில்

முதல் நாளே தூணுக்குப் போகக்கூடாது. இடுப்பளவு தண்ணீரில், மணல் தரையில் மூன்று பழக்கம் வரும்வரை இருங்கள். ஒன்று, குப்புற மிதந்தபடி வாயால் மட்டும் நிதானமாக மூச்சு விடுவது. இரண்டு, குழாயில் தண்ணீர் புகுந்தால் "தூ" என்று ஒரே ஊதலில் வெளியேற்றுவது. மூன்று, கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் மேல் விளிம்பை அழுத்தி, முகத்தைச் சற்று மேலே தூக்கி, மூக்கால் ஊதி வெளியே தள்ளுவது. பதற்றம் வருவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். அது கைவந்துவிட்டால் மீதி சுலபம். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவுங்கள், புதுக் கண்ணாடி என்றால் குழந்தை ஷாம்பூ ஒரு துளி.

தூணுக்குப் போகும் வழி

காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் இறங்குங்கள். அதற்குள் வெளிச்சம் தண்ணீருக்குள் நன்றாக இறங்கிவிடும், மதியக் காற்றும் கிளம்பியிருக்காது. இரண்டு பேர் இறங்கவேண்டும், ஒருவர் கரையில் நிற்கவேண்டும். கரையில் நிற்பவர் போன் பார்க்கக்கூடாது.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்துப் போங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்விலேயே விலகிப்போகும். மிதித்தால்தான் வால் முள்ளால் அடிக்கும். இடுப்பளவு வந்ததும் நண்பரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின்ஸ் மாட்டுங்கள். மாட்டிய பிறகு நடக்கவேண்டியிருந்தால் பின்பக்கமாக நடங்கள்.

முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்துங்கள், திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவரும். தூண்களுக்கு எப்போதும் ஓட்டத்தின் கீழ்ப்பக்கமாக நில்லுங்கள், அதாவது அந்த வால் நீளும் பக்கம். மேல்பக்கம் நின்றால் தண்ணீர் உங்களைத் தூண் மேல் தள்ளும். கீழ்ப்பக்கம் நின்றால் தூணிலிருந்து விலக்கும், அப்படி விலகினால் திறந்த தண்ணீரில்தான் இருப்பீர்கள். இரண்டு கை நீள இடைவெளி விடுங்கள். ஒரு படகு தூரத்தில் போனால்கூடச் சற்று நேரம் கழித்து அதன் அலை வந்து உங்களைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும், அதற்கு இடம் வேண்டும். இரண்டு தூண்களுக்கு நடுவே புகுந்து போகும் ஆசை எல்லோருக்கும் வரும். அங்கே ஓட்டம் ஒடுங்கி வேகமெடுக்கும் என்பதால் சுற்றிப் போவதே நல்லது.

தூண் கிடைத்ததும் நகராதீர்கள். பெரும்பாலானவர்கள் ஒரு தூணுக்கு அரை நிமிடம் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு ஓடி, ஒன்றுமே இல்லை என்று கரையேறுவார்கள். ஒரே தூணுக்கு முன்னால் கையைக் காலை ஆட்டாமல் பத்து நிமிடம் மிதந்து பாருங்கள். முதலில் வெறும் அழுக்குப் பச்சை. கொஞ்சம் பொறுத்தால் கொட்டலசு ஒவ்வொன்றும் மூடியைத் திறந்து, இறகு போன்ற காலை வெளியே வீசி இழுத்துக்கொள்வது தெரியும். இரை பிடிப்பது அப்படித்தான். உங்கள் நிழல் மேலே விழுந்தால் சட்டென்று மூடிக்கொள்ளும். சற்றுக் கீழே ஆரஞ்சு, ஊதா நிறத்தில் கடற்பஞ்சு. அதன் துளைக்கு நேரே மிதக்கும் தூசு வெளியே தள்ளப்படுவதைக் கவனித்தால், அது உள்ளே தண்ணீரை இழுத்து வடிகட்டி விடுகிறது என்பது விளங்கும். பழுப்புநிறப் பெரணி இலை மாதிரி ஒன்று ஆடிக்கொண்டிருந்தால் அது செடி இல்லை, கொட்டும் உயிர். தொட்டால் தோல் தடித்துவிடும்.

தூணின் அடியில் ஓட்டம் மணலை அரித்து ஒரு குழி பறித்திருக்கும். அந்தக் குழிதான் எல்லாவற்றுக்கும் தலைமையகம். களவா அங்கேதான் வாயை லேசாகத் திறந்தபடி கிடக்கும். செப்பிலிக் குஞ்சுகள் கூட்டமாக நிற்கும். நகரை மீன் தாடி மீசையால் மணலைக் கிளறிக்கொண்டு வரும். கல்லிடுக்கில் பாம்பு போன்ற அஞ்சாலை மீன் தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து மூடும். அது கோபம் இல்லை, மூச்சு விடுகிறது. கையை உள்ளே விட்டால்தான் கோபம். கருப்பு திராட்சைக் கொத்து மாதிரி ஏதாவது கம்பியில் தொங்கினால் அது கணவாய் முட்டை. கருப்பில் வெள்ளை வரி போட்ட சின்னக் கெளுத்திகள் பந்தாகத் திரண்டு உருண்டு வரும், வேடிக்கையாக இருக்கும். துடுப்பு முள்ளில் விஷம், கிட்டே போகாதீர்கள். கொடி கொடியாகத் துடுப்பு விரித்து அசையாமல் நிற்கும் சிவப்பு வரி மீனும் அதே வகை விஷம்தான்.

தூணுக்கும் கரைக்கும் நடுவில் கடல் தாழை இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். ஓரா மீன் மேயும் இடம் அது. ஃபின்ஸால் உழுதுவிடாமல் மேலாக மிதந்து போங்கள்.

மூச்சடக்கிக் கீழே போக

கழுத்தளவு தண்ணீரில் தூணின் அடி வரை போய்வந்தால் போதும். இடுப்பை மடித்துத் தலையைக் கீழே விட்டுக் காலை வானத்துக்குத் தூக்கினால் எடையே உங்களை இறக்கிவிடும். தலை தண்ணீருக்குள் போனதுமே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறங்கள். வலி வந்த பிறகு ஊதுவது தாமதம். காது திறக்கவில்லை என்றால் ஏறிவிடுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் கீழே போகவே வேண்டாம்.

இதில் உயிரைக் குடிக்கும் தவறு ஒன்று. அதிக நேரம் உள்ளே இருக்கலாம் என்று நினைத்து, இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு இழுத்து விடுவார்கள். அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவதில்லை, கரியமில வாயு குறைகிறது. "மூச்சு வேண்டும்" என்று உடல் தவிப்பது கரியமில வாயு ஏறுவதால்தான். அந்தத் தவிப்பு வராமலேயே ஆக்சிஜன் தீர்ந்து, எச்சரிக்கை இல்லாமல் மயக்கம் வரும், நெஞ்சளவு தண்ணீரில்கூட. சாதாரணமாக இரண்டு மூச்சு, ஒரு ஆழமான மூச்சு, அவ்வளவுதான். கீழே இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வு. ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே மிதந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இருவரும் ஒன்றாகப் போகக்கூடாது. ஏறும்போது ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஏறுங்கள், சாய்ந்த கம்பி மேலே இருக்கலாம்.

ஸ்கூபா இவ்வளவு ஆழத்துக்குத் தேவையில்லை. சிலிண்டரில் இருப்பது பலர் நினைப்பதுபோல ஆக்சிஜன் அல்ல, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. அதைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கியபடி ஒன்றிரண்டு மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழியும் ஆபத்து உண்டு. சான்றிதழ் பயிற்சி இல்லாமல், "ஆழம் கம்மிதான் சார்" என்று யார் சொன்னாலும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வெட்டினால், குத்தினால், கொட்டினால்

கொட்டலசு, பவளம், இரும்பு எது வெட்டினாலும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே நுண்துகள் நின்றால் சீழ் வைக்கும். டெட்டனஸ் தடுப்புக்கான டி.டி. ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு வெதுவெதுப்பான கடல்நீரில் பட்ட சின்னக் காயம்கூட வேகமாகப் பரவும். சிவந்து வீங்கினால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

திருக்கை முள், கெளுத்தி முள், வரி மீன் முள் குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை வைத்திருக்கவேண்டும். சூட்டில் அந்த விஷத்தின் வீரியம் குறையும். குத்தாத கையால் சூட்டைச் சோதியுங்கள், குத்திய இடத்துக்கு உணர்ச்சி இருக்காது. அதனால் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கரையில் இருக்கட்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி முள் உள்ளே நின்றால் பிடுங்காதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள். சொறி மீன் பட்டால் கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழையைக் கையால் தேய்க்காமல் ஒரு சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, பிறகு சுடுதண்ணீர். மணலைப் போட்டுத் தேய்ப்பது வேதனையைக் கூட்டும். மூச்சுத் திணறல், வாந்தி, நெஞ்சு படபடப்பு எது வந்தாலும் 108.

ஆள் ஓட்டத்தில் போய்விட்டால் நீங்களும் பின்னால் குதிக்காதீர்கள். மிதவையை வீசுங்கள், பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிடுங்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. ஓட்டத்தில் மாட்டிக்கொண்டது நீங்களே என்றால் எதிர்த்து அடிக்கவேண்டாம். மிதவையைப் பிடித்து மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு குறையும் இடத்தில் கரைக்குத் திரும்புங்கள்.

கரையேறியதும் காதில் நல்ல தண்ணீர் விட்டுத் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பஞ்சு வைத்துக் குடையாதீர்கள். கண்ணாடியையும் குழாயையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சிலிக்கான் சீக்கிரம் கெடும். கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். ராமேஸ்வரம் உப்புக் காற்றில் ஒரே இரவில் துரு ஏறிவிடும்.